சனிக்கிழமை மண்ணும் மைதாப் பசையும்

வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கவில்லை என்று கூப்பிட்டதற்கு வந்த பிளம்பர் தம்பி, அடியில் இருந்த வளைவுக் குழாயைக் கழற்றிப் பேப்பரில் தட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கொழுக்கட்டை பொத்தென்று விழுந்தது. விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "என்னக்கா, வீட்டுக்குள்ள கண்மாய் கிண்மாய் தூர்வாருறீங்களா?" என்றார். சனிக்கிழமைதோறும் என் வீட்டில் களிமண்ணும் பசையுமாக விளையாட வரும் தெருப் பிள்ளைகள் நான்கு வாரமாகக் கை கழுவிய மண் அது. குழாயை மாட்டிவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போகும்போது அந்த உருண்டையையும் பேப்பரோடு சுருட்டி எடுத்துக்கொண்டார். வீட்டில் ஒரு வாண்டு இருக்கிறதாம்.

களிமண் தொட்ட கை குழாயடிக்குப் போகவே கூடாது. ஒரு வாளியில் பாதித் தண்ணீர் வைத்து, எல்லோரும் அதில்தான் கை அலச வேண்டும். மறுநாள் காலையில் மண் அடியில் தங்கியிருக்கும். மேலே தெளிந்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடியில் இருக்கும் சேற்றைத் திரும்ப மண் டப்பாவிலேயே போட்டுவிடலாம். இதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்குப் பிளம்பர் கூலி மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் மதுரை திருநகரில் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். ஓவியம் படித்ததில்லை. டீச்சரும் இல்லை. சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மெஷினை மூடிவிட்டு, போர்டிகோவில் பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றைத் திருப்பி விரிப்பேன். தெருப் பிள்ளைகள் ஆறேழு பேர் வந்து உட்காருவார்கள். மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை கலவையாக இருக்கும். ஐந்து மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். ஆரம்பித்தபோது என் மகளுக்கு நான்கரை, இப்போது ஏழரை. பிள்ளைகளுக்கு நான் "டைலர் அத்தை".

இதைத் தொடங்கக் காரணம் ஒரு பள்ளிக்கூட ப்ராஜெக்ட். எல்கேஜி பிள்ளைக்கு "போக்குவரத்து" என்று கொடுத்திருந்தார்கள். ஸ்டேஷனரி கடையில் தெர்மோகோல், சார்ட், மின்னும் தாள் எல்லாம் வாங்கி வந்து, இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்து ஒரு ரயில் செய்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல ரயில். வகுப்பில் முதல் பரிசு. பக்கத்து வீட்டு ஆச்சி என் மகளிடம், "யாத்தீ, ரயிலு நீயா செஞ்ச?" என்று கேட்டபோது, அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "இல்ல, அம்மா ப்ராஜெக்ட். நான் தொடக் கூடாது" என்றாள். அந்த "தொடக் கூடாது" நான் சொன்ன வார்த்தைதான். பசை காயட்டும் என்று சொன்னது. அதற்கு அடுத்த சனிக்கிழமைதான் முதல் வகுப்பு. வகுப்பு என்று சொல்வதே பெரிய பேச்சு.

திருநகருக்குப் பக்கத்தில்தான் விளாச்சேரி. பரிதிமாற் கலைஞர் பிறந்த ஊர் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எங்களுக்கு அது கொலு பொம்மை வாங்கப் போகும் ஊர். பிள்ளையார், தசாவதாரம், கிறிஸ்துமஸுக்குக் குடில் செட் என்று வருஷம் முழுக்க மண்ணும் காகிதக்கூழுமாக வேலை நடக்கும். அங்கே பொம்மை செய்யும் ஓர் அக்காவிடம் பிசைந்த களிமண் ஐந்து கிலோ வாங்கி வந்தேன். ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து சாக்கைப் பிரித்து, மண்ணை ஒரு தாம்பாளத்தில் அழகாக எடுத்து வைத்துவிட்டேன். அது வெள்ளிக்கிழமை காலை.

சனிக்கிழமை பிள்ளைகளுக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு யானை செய்து காட்டினேன். உருண்டை உடம்பு, நாலு கால், தும்பிக்கை. "இதே மாதிரி செய்யுங்க." ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை, "எனக்கு வரல, நீங்களே செஞ்சு குடுங்கத்தை" என்று ஒரு குரல். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாமே. அன்று நான் ஏழு யானை செய்தேன். பிள்ளைகள் சந்தோஷமாக எடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத்தான் ரயில் ஞாபகம் வந்தது.

மாதிரி காட்டியதுதான் தப்பு என்று நினைத்து, அடுத்த வாரம் எதையும் செய்து காட்டாமல் மண்ணை மட்டும் கையில் கொடுத்தேன். அதே பாட்டுத்தான், "வரல அத்தை." அப்போதுதான் ஒரு மூன்று வயதுக்காரியின் உருண்டையை வாங்கி நான் அழுத்திப் பார்த்தேன். என் கட்டை விரலே சிரமப்பட்டுத்தான் உள்ளே போனது. ஒரு வாரம் தாம்பாளத்தில் கிடந்த மண், ரப்பர் மாதிரி இறுகியிருந்தது. அந்தப் பிஞ்சு விரல் என்ன செய்யும்?

விளாச்சேரி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மண்ணைப் பென்சில் கனத்துக்குத் திரியாக உருட்டி, தன் விரலில் மோதிரம் மாதிரி சுற்றிக் காட்டினார். "சுத்தும்போது வெடிச்சா தண்ணி பத்தல. கையில அப்புனா தண்ணி சாஸ்தி. ரெண்டும் இல்லன்னா பிள்ளைக கையில குடு." அந்த வாரம் மண்ணை வெள்ளிக்கிழமை இரவே ஈரத்துணியில் சுற்றி, மூடி போட்ட பெயிண்ட் வாளியில் வைத்தேன். சனிக்கிழமை மதியம் பிசைந்து, மோதிரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். அதே ஏழு பிள்ளைகள். ஒருவர்கூட "செஞ்சு குடுங்க" என்று கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் நான் சும்மா உட்கார்ந்து ஹூக் கட்டிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் உதவி கேட்டால், முதலில் பொருளைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் மூன்று வருஷத்தில் நான் தெரிந்துகொண்டது. அநேகமாக மண் இறுகியிருக்கும், பசை தண்ணியாக இருக்கும், பிரஷ் மெலிசாக இருக்கும், தாள் வழவழப்பாக இருக்கும், கத்தரி மொக்கையாக இருக்கும். பிள்ளைக்குக் கை வரவில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

மண்ணைப் பற்றி இன்னும் கொஞ்சம். கண்மாய் மண் கிடைத்தால் நீங்களே தயார் செய்யலாம். காய்ந்த மண்ணைக் கட்டை வைத்துத் தட்டி, தண்ணீரில் ஒரு நாள் ஊறப் போட்டு, கரைத்து, பழைய சல்லடையில் வடிகட்டினால் கல்லும் வேரும் போய்விடும். தெளிந்ததும் மேல் தண்ணீரை இறுத்துவிட்டு, துணி விரித்த கூடையில் கொட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் பிசையும் பதத்துக்கு வரும். கண்மாயில் சாக்கடை கலக்கிறதா, உடைந்த கண்ணாடி கிடக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

கால், காது, தும்பிக்கை இதையெல்லாம் சும்மா ஒட்டினால் காய்ந்ததும் உதிர்ந்துவிடும். ஒட்டும் இரண்டு இடத்திலும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிட்டு, தண்ணியாகக் கரைத்த மண் குழம்பைத் தடவி அழுத்த வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கீறும் வேலைதான் உயிர். பொம்மையை விட்டுவிட்டுக் கீறிக்கொண்டே இருக்கும். இருக்கட்டும். கட்டை விரல் கனத்துக்கு மேல் போனால் காயும்போது வெடிக்கும். வெயிலில் வைத்தாலும் வெடிக்கும், வெளியே சீக்கிரம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடுவதால். நிழலில், ஒரு செய்தித்தாளைப் போர்த்தி, நாலைந்து நாள் விட வேண்டும். சுடாத மண் மழையில் கரையும் என்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்லாமல் விட்டேன். ஒரு மாலை மழைக்குப் பிறகு, மாடிச் சுவரில் வைத்திருந்த ஏழு பொம்மையும் ஏழு சேற்றுத் திட்டாகியிருந்தன. எதிர்வீட்டுப் பையன் மட்டும் அழவில்லை. "திரும்பச் செய்யலாமா?" என்று கேட்டான்.

மண் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு உப்பு மாவு. மைதா இரண்டு கப், தூள் உப்பு ஒரு கப், எண்ணெய் ஒரு ஸ்பூன், தண்ணீர் முக்கால் கப்பில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சப்பாத்தி மாவுக்குச் சற்று இறுக்கமாகப் பிசைய வேண்டும். உப்பு இருப்பதால் சீக்கிரம் கெடாது, எறும்பும் அவ்வளவாக மொய்க்காது. ஆனால் உப்பு காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். புரட்டாசியில் செய்த உப்பு மாவு மீன், ஐப்பசி அடைமழையில் தொட்டால் நசநசவென்று வந்தது. சின்னப் பிள்ளைகள் வாயில் வைக்கப் பார்ப்பார்கள். அவ்வளவு உப்பு உள்ளே போவது நல்லதல்ல. பக்கத்தில் ஆள் வேண்டும்.

இனி பசை. கடைப் பசை டப்பாவைப் பிள்ளைகள் கையில் கொடுத்தால் ஒரு மதியத்தில் காலி. அதனால் பழைய புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் கேட்டு ஒரு கிண்ணம் மைதாப் பசை வாங்கலாம் என்று போனேன். அந்தப் பெரியவர் கொடுக்கப் போனவர், "எதுக்கும்மா?" என்று கேட்டார். பிள்ளைகள் விளையாட என்றதும் கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போட்டிருக்கிறாராம். அது விஷம். வீட்டிலேயே காய்ச்சிக்கொள்ளச் சொல்லி, பதமும் சொல்லிக்கொடுத்தார். ஒரு கப் மைதாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் மூன்று கப் தண்ணீரில் ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்கிவிடலாம். ஆறினால் கெட்டித் தயிர் பதத்தில் இருக்க வேண்டும். ஒரு சிட்டிகை உப்பு போட்டு பிரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாள் தாங்கும். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

பசையைப் பிரஷ்ஷால் தடவச் சொல்வதைவிட விரலால் தடவ விடுவது நல்லது என்பது என் கட்சி. சில பிள்ளைகளுக்கு கை பிசுபிசுப்பு ஆகாது. என் மகளே அப்படித்தான், ஒரு விரலில் பட்டாலும் கையை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்பாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஈரத்துணி வைத்தேன், அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் துடைத்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் துடைப்பது தானாகக் குறைந்துவிட்டது. ஒட்டுவதற்கு என்னிடம் பஞ்சமில்லை. வெட்டுத்துணி மூட்டை மூட்டையாக இருக்கிறது. பட்டு, காட்டன், லைனிங், ஜரிகை ஓரம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கண்ணை மூடிக்கொண்டு துணியைத் தடவிப் பார்ப்பதே ஒரு வேலை. "இது வழுக்குது, இது குத்துது" என்று பிரித்து வைப்பார்கள். ஒட்டவே மாட்டார்கள் சில நாள்.

நிறம் என்று வந்தால் நான் செய்த முதல் தவறு பன்னிரண்டு கலர் போஸ்டர் பெட்டியை அப்படியே திறந்து வைத்தது. பத்து நிமிஷத்தில் பன்னிரண்டு குப்பியும் சாணி நிறம். இப்போது ஒரு நாளைக்கு இரண்டே நிறம். மஞ்சளும் நீலமும் ஒரு வாரம், சிவப்பும் மஞ்சளும் ஒரு வாரம். எப்படிக் கலந்தாலும் கெடாது. பச்சை வந்த நாளில் ஒருத்தி எழுந்து நின்று, "அத்தை, நான் பச்சை கண்டுபிடிச்சுட்டேன்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

பிரஷ் விஷயத்தில் கடைக்காரர்கள் சின்னப் பிள்ளைக்குச் சின்ன பிரஷ் என்று எடுத்துத் தருவார்கள். நேர்மாறாக வாங்க வேண்டும். மூன்று நாலு வயதில் பிள்ளைகள் தோளிலிருந்துதான் கையை வீசுவார்கள், விரலிலிருந்து இல்லை. சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் ஒரு இன்ச் பிரஷ், அது ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், அதுதான் சரி. தாளும் அதற்கேற்பப் பெரிதாக வேண்டும். நோட்டுத் தாளில் அந்தக் கை அடங்காது. கலர் சார்ட்டில் ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும், அதில் தண்ணீர்க் கலர் ஒட்டாமல் முத்து முத்தாக நிற்கும். சொரசொரப்பான பின்பக்கத்தைக் கொடுங்கள். மாதக் காலண்டரின் பின்பக்கம், சேலை வரும் அட்டைப்பெட்டி, பிரவுன் தாள், எல்லாம் ஆகும். கல்யாணப் பத்திரிகை அட்டை பொம்மை வீட்டுக்கு அருமையான கதவு.

அடுக்களை நிறங்களை எல்லோரும் சொல்வார்கள், நானும் மயங்கினேன். மஞ்சள்தூள் கரைத்து, எட்டுப் பிள்ளைகள் சூரியன் வரைந்து, ஜன்னலில் கயிறு கட்டித் தொங்கவிட்டோம். இரண்டு மூன்று வாரத்தில் சூரியன்கள் ஒவ்வொன்றாக வெளுத்துப்போயின. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. பீட்ரூட் சிவப்பும் நாளடைவில் பழுப்பாகிவிடும். எனவே அவற்றை வைத்துக்கொள்ளும் படத்துக்குப் பயன்படுத்தாதீர்கள், வேடிக்கைக்குப் பயன்படுத்துங்கள். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீரைத் தொட்டு வைத்தால் அந்த இடம் சிவக்கும். ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக இருக்கிறதே, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த அதே வித்தைதான். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் புண்ணாக்கும். சோப்போ ஆப்ப சோடாவோ போதும். சங்குப்பூ பதினைந்து இருபதை அரை டம்ளர் வெந்நீரில் போட்டால் நல்ல நீலம் இறங்கும். எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டால் ஊதா, இன்னும் விட்டால் ரோஸ். சோடா போட்டால் பச்சையை நோக்கிப் போகும். தாளில் நீலம் அடித்து, காய்ந்த பிறகு எலுமிச்சைச் சாற்றைத் தொட்டு வரையச் சொன்னேன். அன்று ஐந்தரை மணி வரை யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

காய்கறி அச்சில் வெண்டைக்காய்ப் பூ எல்லோருக்கும் தெரியும். உருளைக்கிழங்கை வெட்டிய உடனே அச்சு வைத்தால் வழுக்கும். பால் வடியும். துணியில் ஒற்றி, பத்து நிமிஷம் காற்றாட விட வேண்டும். என் ஓட்டு வாழை மட்டைக்கு. குறுக்காக வெட்டினால் உள்ளே அறை அறையாகத் தேன்கூடு மாதிரி இருக்கும், அச்சு வைத்தால் மீன் செதில் மாதிரி விழும். கலரைத் தட்டில் ஊற்றாமல், நாலாக மடித்த துணியில் ஊற வைத்து அதன் மேல் ஒற்றச் சொல்லுங்கள். ஊற்றினால் அச்சு விழாது, குளம்தான் விழும்.

கத்தரி என் தொழில், அதனால் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். துணி வெட்டும் கத்தரியைத் தொட்டால் மட்டும் நான் டைலர் அத்தை இல்லை, ராட்சசி. தாள் வெட்டினால் துணிக் கத்தரி மொக்கையாகிவிடும். பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய, ஆனால் வாய் கூரான கத்தரி தனியாக வைத்திருக்கிறேன். பாதுகாப்பு என்று வாயும் மொக்கையான பிளாஸ்டிக் கத்தரியைக் கொடுத்தால் தாள் மடங்கிக்கொண்டு மடங்கிக்கொண்டு, பிள்ளை அழ ஆரம்பித்துவிடும். எடுத்தவுடன் கோட்டில் வெட்டச் சொல்லக் கூடாது. இரண்டு விரல் அகலத்துக்குத் தாளை நாடாவாகக் கிழித்துக் கொடுத்தால், ஒரே வெட்டில் துண்டு விழும். அந்த "நறுக்"கில்தான் அவர்களுக்குப் பிடிமானம் வரும். கட்டை விரல் மேலே பார்த்திருக்க வேண்டும், அது ஒன்றைத்தான் திருத்துவேன்.

ஒரு பையனுக்கு மட்டும் ஒரு மாதமாகியும் வெட்டு விழவில்லை. மற்ற எல்லாவற்றிலும் கெட்டிக்காரன். அவனுடைய அப்பத்தா கூட வந்து, "சோத்தாங்கையில புடிடா, பீச்சாங்கையில புடிச்சா எப்படி வெட்டும்?" என்று திட்டுவார். அவன் இடது கைக்காரன். நான் பத்து வருஷமாகத் தைக்கிறேன், எனக்கே உறைக்கவில்லை. கத்தரியின் இரண்டு அலகும் ஒன்றன்மேல் ஒன்று உட்காருவது வலது கை அழுத்தத்துக்கு ஏற்றபடிதான். இடது கையில் பிடித்தால் விரல் அழுத்தமே அலகுகளைப் பிரித்துவிடும், வெட்டும் கோடும் அலகுக்குப் பின்னால் மறைந்துவிடும். இடது கைக் கத்தரி தனியாகவே விற்கிறது. டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் தேடி அலைந்து கிடைக்காமல், ஆன்லைனில் ஒன்று வரவழைத்தேன். வந்த அன்று அவன் வெட்டிய தாளைக் கூட்டி அள்ள ஒரு முறம் தேவைப்பட்டது.

விநாயகர் சதுர்த்திக்கு முந்தின சனிக்கிழமை எப்போதும் பிள்ளையார்தான். கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது நம் வழக்கம். ஒரு பிள்ளை வீட்டிலிருந்து பொட்டலமாகக் கொண்டுவந்தது. சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க ஜோராக இருக்கும். அதைக் கடித்து மென்று விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. உள்ளே இருக்கும் விஷம் அப்படி. முழுசாக விழுங்கினால் தோல் கெட்டி, ஒன்றும் ஆகாது என்று சொல்வார்கள், அதை நம்பி யார் பிள்ளையை விடுவது? பொட்டலத்தை வாங்கி பீரோவுக்கு மேல் வைத்துவிட்டு மிளகு கொடுத்தேன். மிளகும் மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது, மூக்குக்குள் போகும் அளவில் எதுவுமே ஆகாது. அந்தக் குட்டிகளுக்கு விரலால் குத்திய குழியே கண். எருக்கம்பூ மாலையும் நான்தான் கட்டுவேன். பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது.

பெரிய பிள்ளைகளுக்கு, ஏழெட்டு வயதுக்கு மேல், இது சலித்துவிடும். அவர்களுக்கு அசைகிற பொருள் வேண்டும். பனையோலைக் காத்தாடிக்குக் கருவேலமுள் குத்திக்கொண்டு தெருவில் ஓடுவதற்கு ஈடில்லை. முள்ளை நாம் குத்திக் கொடுத்தால் போதும். அரவிந்த் குப்தா என்று ஒருவர், ஐஐடியில் படித்துவிட்டு, தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு ட்யூபையும் வைத்தே விதவிதமான உருவங்கள் செய்யச் சொல்லிக்கொடுத்தவர். 2018இல் பத்மஸ்ரீ வாங்கினார். குப்பையிலிருந்து அவர் செய்த பொம்மைகளின் செய்முறை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எட்டு வயதுக்காரர்கள் "போரடிக்குது" என்றால் நான் அங்கேதான் போவேன்.

சிறிசுகளின் கிறுக்கல் பற்றிப் பெற்றோரிடம்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. ஒரு அம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ரெண்டு மணி நேரம் இருந்தும் கிறுக்கிட்டுத்தான் வந்திருக்கான்" என்றார். ரோடா கெல்லாக் என்ற அமெரிக்கப் பெண்மணி சான் பிரான்சிஸ்கோவில் மழலையர் பள்ளி நடத்தியபடி, பிள்ளைகளின் படங்களைப் பத்து லட்சம் அளவுக்குச் சேர்த்தவர். சும்மா தோன்றும் கிறுக்கலில் 20 அடிப்படை வகை உண்டு, அவற்றிலிருந்தே வட்டமும் சிலுவையும் அப்புறம் மனித முகமும் பிறக்கின்றன என்று காட்டினார். நான் அந்த அம்மாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. அவர் பையனுடைய மூன்று மாதத் தாள்களை, பின்பக்கம் பென்சிலில் தேதி போட்டு வைத்திருந்தேன். வரிசையாகத் தரையில் பரப்பினேன். முதலில் முன்னும் பின்னும் இழுத்த கோடு. பிறகு சுழல். பிறகு மூடிய வட்டம். கடைசித் தாளில் வட்டத்துக்குள் இரண்டு புள்ளி, கீழே இரண்டு குச்சி. தலையிலிருந்து நேராகக் கால், உடம்பே கிடையாது. மூன்று நாலு வயதில் அநேகப் பிள்ளைகள் மனுஷனை இப்படித்தான் போடுவார்கள். "யாருடா இது?" என்றார் அவர். "நீங்கதான்மா." அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தேதி போடும் வழக்கத்துக்குக் கூடுதலாக ஒரு நிமிஷம் கூட ஆகாது. செய்யுங்கள்.

இன்னொன்று, "இது என்ன?" என்று நாமாக ஊகித்துக் கேட்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. எதிர்வீட்டுப் பையன் ஒரு நீளமான மண் கட்டியை வைத்துக்கொண்டு மும்முரமாக இருந்தான். முன்னால் ஒரு மூக்கு நீட்டியிருந்தது. "அட, யானையா?" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்தான். "பஸ்" என்றான். எனக்குக் கொஞ்சம் அசடு வழிந்திருக்க வேண்டும், அவனுக்கே பாவமாகிவிட்டது போல. சற்று யோசித்து, "ஆனை ஏறிப் போற பஸ்" என்று சேர்த்துக்கொண்டான். நான் ஹூக் கட்டப் போய்விட்டேன்.

நேரக் கணக்கும் வேண்டாம். மூன்று வயதுக்காரி நாலு நிமிஷத்தில் "முடிச்சுட்டேன்" என்று எழுந்து போவாள், போகட்டும். கால் மணி கழித்துத் தானாக வந்து உட்காருவாள். சட்டைக்கு மேல் அப்பாவின் பழைய பனியன் ஒன்றை மாட்டி அனுப்பச் சொல்லிவிட்டேன், தாய்மார் போன் வருவது நின்றது. கடைசிப் பத்து நிமிஷம் சுத்தம் செய்யும் நேரம். ஆளுக்கொரு ஈரத்துணி, ஆளுக்கொரு ஓரம். இதையும் அவர்கள் வேலையாகத்தான் நினைக்கிறார்கள், தண்டனையாக இல்லை. ஏனென்றால் தண்ணீர் இருக்கிறது.

போன வருஷம் நவராத்திரிக்கு எங்கள் கொலுவில் ஏழு படி. மேல் ஆறும் என் மாமியாருடையது, அங்கே யாரும் கை வைக்க முடியாது. அடிப்படியையும் அதற்குக் கீழே தரையில் "பார்க்" போடும் இடத்தையும் பிள்ளைகளுக்கு என்று கேட்டு வாங்கினேன். சுலபமாகக் கிடைக்கவில்லை, அது தனிக் கதை. சில நாள் முன்னதாகத் தட்டில் ஈர மண் பரப்பி, கடுகும் வெந்தயமும் தூவினோம். கொலு வைக்கும் அன்று பச்சைப் பசேலென்று வயல் தயார். விளாச்சேரிச் செட்டியாரும் செட்டிச்சியும் மேல்படியில் கடை விரித்திருக்க, கீழே காதில்லாத முயல், மூன்று கால் நாய், உப்பு மாவு இட்லி, நடுவில் அந்த நீளமான மண் கட்டி.

இரண்டாம் நாள் சுண்டலுக்கு வந்த ஒரு மாமி குனிந்து பார்த்துவிட்டு, பக்கத்தில் காவலுக்கு நின்ற எதிர்வீட்டுப் பையனிடம் கேட்டார். "இது என்னப்பா?"

"பஸ். ஆனை ஏறிப் போற பஸ்."

"ஆனையக் காணமே?"

"உள்ள உக்காந்திருக்கு" என்றான்.